கல்லூரி மனநல ஆலோசனை அறைக்கு மாணவர்கள் ஏன் போவதில்லை?

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவரையேனும் பணியில் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று உத்தரவிட்டது. விசாகப்பட்டினத்தில் தங்கி நீட் தேர்வுக்குப் பயிற்சி பெற்றுவந்த 17 வயது மாணவியின் மரணம் குறித்து அவருடைய தந்தை தொடுத்த வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா ஆகியோர் அடங்கிய அமர்வு வகுத்த 15 வழிகாட்டு நெறிகளில் இதுவும் ஒன்று. உரிய சட்டம் இயற்றப்படும்வரை இந்நெறிகள் பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், விடுதி அனைத்தையும் கட்டுப்படுத்தும்.

உத்தரவைப் படித்தவர்களுக்கு ஒரு குழப்பம் எழுவது இயல்பு. தமிழ்நாட்டின் பெரிய கல்லூரிகள் பலவற்றில் 'ஆலோசனை மையம்' என்ற பெயர்ப்பலகை ஏற்கெனவே தொங்குகிறது. உள்ளே ஆளும் இருக்கிறார். ஆனால் மாணவர்கள் போவதில்லை. நிர்வாகத்தைக் கேட்டால் "கதவு திறந்துதான் இருக்கிறது, பிள்ளைகள்தான் வருவதில்லை" என்கிறது. மாணவர்களைக் கேட்டால் "அங்கே போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடும்" என்கிறார்கள். பிறகு, இன்னும் ஓர் ஆலோசகரை நியமிப்பதால் என்ன மாறப்போகிறது?

இத்தயக்கத்துக்கு 'விழிப்புணர்வு இல்லை' என்று காரணம் சொல்லிக் கடந்துவிடுவதே வழக்கமாகிவிட்டது. அக்டோபர் 10, உலக மனநல நாளன்று சுவரொட்டிப் போட்டியும் கோலப் போட்டியும் நடத்திப் புகைப்படம் எடுத்து அனுப்பும் கல்லூரிகள் அந்த விளக்கத்தையே நம்புகின்றன. ஆனால் தயங்கும் மாணவர்களில் பலர் சேவையைப் பற்றி அறியாதவர்கள் அல்லர். அறிந்து, எடைபோட்டுப் பார்த்து, வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள். அம்முடிவுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பெரும்பாலும் அது பிழையான கணக்கும் இல்லை.

எண்கள் எதைக் காட்டுகின்றன?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் மாணவர்கள் 13,044 பேர். 2001இல் மாணவர் எண்ணிக்கை 5,425ஆக இருந்தது. 2022ஆம் ஆண்டின் மாநிலவாரிப் பட்டியலில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து 1,416 மாணவர்களுடன் தமிழ்நாடு இருந்தது. இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை: 'மாணவர்' என்ற பிரிவில் பள்ளி மாணவர்களும் அடக்கம், ஆகவே இதைக் கல்லூரிகளின் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

உதவி தேவைப்படுவோருக்கும் அதைப் பெறுவோருக்கும் இடையிலான தூரத்தைச் சிகிச்சை இடைவெளி என்பார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநோயின் வகையைப் பொறுத்து இந்த இடைவெளி 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. பத்துப் பேருக்குச் சிகிச்சை தேவையென்றால், குறைந்தது ஏழு பேர் அதைப் பெறவில்லை.

இது இந்தியாவுக்கே உரிய சிக்கல் என்று எண்ணிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசக் கல்லூரி மாணவர் ஆய்வுத்திட்டம் எட்டு நாடுகளில் 19 கல்லூரிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 14,000 முதலாண்டு மாணவர்களிடம் விசாரித்தது. இந்தியா அந்த எட்டில் இல்லை. மனநலச் சிக்கல் வந்தால் உறுதியாக உதவி நாடுவோம் என்றவர்கள் நால்வரில் ஒருவர்தான். மற்றவர்கள் சொன்ன காரணங்களில் முதலிடத்தில் இருந்தவை இரண்டு: 'நானே சமாளித்துக்கொள்வேன்', 'நண்பரிடமோ உறவினரிடமோ பேசிக்கொள்வேன்'.

ஆலோசகர் எண்ணிக்கையிலும் பணத்திலும் நம்மைவிடப் பல மடங்கு வசதியுள்ள பல்கலைக்கழகங்களின் நிலை இது. அங்கு இல்லாத சில காரணங்களும் இங்கே சேர்ந்துகொள்கின்றன.

ஆலோசகர் என்பவர் யார்?

மேற்கொண்டு போகுமுன் நான்கு பேரைப் பிரித்தறிவது அவசியம். மாணவர்கள் மட்டுமல்லர், நிர்வாகங்களும் இவர்களைக் குழப்பிக்கொள்கின்றன.

1. மனநல மருத்துவர்: எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதித்தரும் அதிகாரம் இந்நால்வரில் இவருக்கு மட்டுமே உண்டு.

2. மருத்துவ உளவியலாளர்: உளவியலில் முதுகலைக்குப் பின் சிறப்புப் பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர். பரிசோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் இவருடைய வேலை.

3. ஆலோசகர், அதாவது கவுன்சலர்: உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலைப் பட்டம் பெற்றவராக இருப்பது வழக்கம். கல்லூரிகளில் நியமிக்கப்படுபவர் பெரும்பாலும் இவரே. இத்தொழிலை முறைப்படுத்த 2021ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வழிசெய்திருந்தாலும், மருத்துவரின் பதிவெண்ணைக் கேட்பதுபோல் கவுன்சலரின் பதிவெண்ணைக் கேட்கும் நிலை இன்னும் வரவில்லை.

4. வழிகாட்டி ஆசிரியர்: மாணவர்கள் 'மென்டார்' என்றோ 'கிளாஸ் அட்வைசர்' என்றோ சொல்லும் பேராசிரியர். இவர் மனநலப் பயிற்சி பெற்றவர் அல்லர்.

நான்காமவரால் வரும் குழப்பம்தான் பெரிது. கல்லூரிகளுக்குத் தரப்புள்ளி வழங்கும் 'நாக்' அமைப்பின் அளவுகோல்களில், எத்தனை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர் என்பதும் ஒன்று. எனவே ஏறத்தாழ எல்லாக் கல்லூரிகளிலும் இருபது முப்பது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் ஒதுக்கப்படுகிறார். அவர் மாதம் ஒருமுறை மாணவரை அழைத்து, வருகைச் சதவீதம், அரியர் எண்ணிக்கை, தந்தையின் கைபேசி எண் ஆகியவை எழுதப்பட்ட மென்டார் புத்தகத்தில் 'கவுன்சலிங் தரப்பட்டது' என்று குறித்துக் கையெழுத்து வாங்குகிறார். 'பரீட்சைக்கு நன்றாகப் படி, போனைக் குறை' என்ற அறிவுரைக்கு அங்கே கவுன்சலிங் என்று பெயர். இதை ஆண்டுக்கணக்கில் கண்ட மாணவர், உண்மையான ஆலோசகரின் அறையிலும் அதே அறிவுரைதான் காத்திருக்கிறது என்று நினைப்பதில் வியப்பில்லை. அறிவுரை சொல்லாமல் கேட்பதுதான் ஆலோசகரின் தொழில் என்பதை அவருக்கு யாரும் காட்டியதில்லை.

தயக்கத்தின் காரணங்கள்

1. பெரிதுபடுத்த வேண்டாம் என்ற எண்ணம். தூக்கமின்மை, பசியின்மை, வகுப்புக்குப் போகப் பிடிக்காமை ஆகியவற்றைத் தேர்வுக்காலத்தில் எல்லோருக்கும் வருவதாக மாணவர் எடுத்துக்கொள்கிறார். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். எல்லை எங்கே என்று தெரியாததுதான் சிக்கல்.

2. பெயர் கெட்டுவிடும் என்ற அச்சம். 1794இல் தொடங்கிய சென்னை மனநல மருத்துவமனை இருப்பதாலேயே கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயர் தமிழ்நாடு முழுவதும் கேலிச்சொல்லாகப் புழங்குகிறது. ஏர்வாடியும் குணசீலமும் சிலரது வாயில் அப்படித்தான். பெண்கள் விஷயத்தில் அச்சம் ஒரு படி கூடுதல். விஷயம் வீட்டை எட்டினால் விடுதியை விட்டு வரச்சொல்வார்கள், படிப்பு நிற்கும், வரன் பார்க்கும் பேச்சு தொடங்கும், பார்க்கும் வரனிடம் இதையும் மறைக்க வேண்டும் என்ற சங்கிலி அவர்கள் கண்முன் ஓடுகிறது.

3. நேரமும் இடமும். இதைச் சிறு விஷயமாகத் தள்ளிவிட முடியாது. ஒரு பொறியியல் கல்லூரியின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை எட்டரை, ஒன்பதுக்கு வகுப்பு. மாலை நாலு, நாலரைக்குக் கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடும். அதைத் தவறவிட்டால் வீடு திரும்ப இரண்டு பேருந்து மாற வேண்டும். ஆலோசகர் இருக்கும் நேரமும் அதே ஒன்பது முதல் நாலுதான். ஆகவே போக வேண்டுமென்றால் வகுப்பிலிருந்து எழுந்துதான் போக வேண்டும். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை இல்லாமல் தேர்வெழுத முடியாது. 65க்கும் 75க்கும் இடைப்பட்டவர்கள் மருத்துவச் சான்று போன்ற காரணம் காட்டி விலக்குப் பெற வேண்டும். எனவே அந்த ஒரு மணி நேரத்துக்கு 'ஓ.டி.' (ஆன் டியூட்டி) வாங்க, துறைத் தலைவரிடம் கையெழுத்துக் கேட்க வேண்டும். அவர் கேட்கும் முதல் கேள்வி, "எதற்கு?"

அந்தக் கேள்வியைத் தாண்டி அறைக்கு வந்தாலும், முதல்வர் அறைக்குப் பக்கத்திலோ கேன்டீன் போகும் வழியிலோ கண்ணாடிக் கதவுடன் அது இருக்கும். மேசைமேல் ஒரு நீள நோட்டு: வரிசை எண், தேதி, பெயர், பதிவு எண், துறை, வந்த காரணம், கையொப்பம். முன்பு வந்த பத்துப் பேரின் பெயரும் காரணமும் அதே பக்கத்தில் விரிந்து கிடக்கும். தன் வரிக்குக் கீழே நாளை வேறொருவர் எழுதுவார் என்பது அப்போதே அவருக்கு விளங்கிவிடும். எல்லாக் கல்லூரியும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் பார்வையாளர் பதிவேடும் ஆலோசனைக் குறிப்பும் வேறு வேறு என்பதே தெரியாத நிர்வாகங்கள் இருக்கின்றன.

4. சொன்னால் புரிந்துகொள்வாரா என்ற ஐயம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகக் கல்லூரிக்குள் நுழையும் மாணவருக்கு ஆங்கிலம் ஒரு தடை, கல்விக்கடன் இன்னொன்று, ஊரில் அவர்மேல் வைத்திருக்கும் எதிர்பார்ப்பு மற்றொன்று. இவை நோயின் அறிகுறிகள் அல்ல. சாதிப்பெயரை மறைமுகமாகக் குத்திக்காட்டும் அறைத்தோழரைப் பற்றிச் சொல்லும் மாணவருக்கு 'நீ கொஞ்சம் அனுசரித்துப் போ' என்ற பதில் கிடைத்தால், அவர் மறுமுறை வரமாட்டார், நண்பர்களையும் வரவிடமாட்டார். டெல்லி ஐஐடியில் 2023இல் இறந்த இரு பட்டியல் சாதி மாணவர்களின் பெற்றோர் தொடுத்த வழக்கில், 2025 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. மாணவர் மரணங்களுக்கான காரணங்களை ஆராயச் சொன்னபோது, படிப்புச் சுமையோடு ராகிங், சாதிப் பாகுபாடு, பணநெருக்கடி ஆகியவற்றையும் நீதிமன்றம் பட்டியலிட்டது கவனிக்கத்தக்கது.

பாலினம் தொடர்பான கேள்விகளில் ஐயம் இன்னும் ஆழமானது. தன்பாலின ஈர்ப்புள்ள இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இதில் புரிதல் போதவில்லை என்று கருதி உளவியலாளர் ஒருவருடன் அமர்ந்து பேசியதை உத்தரவிலேயே பதிவு செய்தார். 2021 ஜூன் 7 அன்று அவர் அளித்த தீர்ப்பு, பாலின ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளைத் தடை செய்யச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுக்கக் கேடு என்று அறிவித்தது. ஆனால் ஆணையத்தின் அதிகாரம் மருத்துவர்கள்மேல்தான். கல்லூரிக் கவுன்சலர் அதன் வரம்புக்குள் வரமாட்டார்.

சொன்னது யாருக்குப் போகும்?

மேற்சொன்ன நான்கையும்விட வலுவான காரணம் இதுவே. ஆலோசகருக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். அவர் அறிக்கை கொடுப்பது முதல்வருக்கோ மாணவர் நலப் புல முதல்வருக்கோதான். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிலும் அதே அலுவலகமே இருக்கும். சில இடங்களில் ஆலோசகரே அக்குழுவின் உறுப்பினர். கஞ்சா பிடித்ததாகவோ, காப்பியடித்ததாகவோ, காதல் விவகாரத்திலோ மாட்டிக்கொண்ட மாணவரை 'கவுன்சலிங்குக்கு அனுப்புவது' தண்டனையின் ஒரு படியாக இருக்கும் கல்லூரியில், தானாக அங்கே போகும் மாணவர் குற்றவாளியின் வரிசையில் நிற்பதாகவே உணர்வார்.

சட்டம் என்ன சொல்கிறது? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆவது பிரிவு, மனநோய் உள்ளவரின் தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை அவருடைய உரிமையாக வைத்திருக்கிறது. சிகிச்சையளிக்கும் நலவாழ்வுத் தொழிலர் எவரும் அவற்றை வெளியிடக் கூடாது. விதிவிலக்குகள் வரையறுக்கப்பட்டவை. முக்கியமானவை இவை:

1. நியமனப் பிரதிநிதி தம் கடமையைச் செய்யத் தேவையான தகவல்.
2. சிகிச்சையில் பங்கேற்கும் பிற மருத்துவர்களுக்குத் தேவையான தகவல்.
3. உயிருக்கான ஆபத்தைத் தடுக்கவோ, இன்னொருவரைத் தீங்கிலிருந்து காக்கவோ தேவையான தகவல்.
4. நீதிமன்றமோ உரிய வாரியமோ ஆணையிட்டால் தர வேண்டிய தகவல்.

இப்பட்டியலில் முதல்வரும் இல்லை, துறைத் தலைவரும் இல்லை, வார்டனும் இல்லை. நியமனப் பிரதிநிதி யார் என்பதும் கவனிக்க வேண்டியது. பதினெட்டு நிறைந்த எவரும் தமக்கு நம்பிக்கையான ஒருவரை, அவர் சம்மதத்துடன், வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். நெருங்கிய நண்பராகவும் இருக்கலாம். எழுதி வைக்காவிட்டால் அந்த இடம் உறவினருக்குப் போகும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பதினேழு வயதில் கல்லூரி சேர்ந்தவருக்கு, பதினெட்டு நிறையும்வரை சட்டப்படியான பாதுகாவலரே பிரதிநிதி.

ஆனால் இந்தச் சட்டக் குடையின் கீழ் கல்லூரிக் கவுன்சலர் நிற்கிறாரா என்பதில் ஒரு மங்கல் இருக்கிறது. சட்டத்தில் 'மனநலத் தொழிலர்' என்ற வரையறைக்குள் வருபவர்கள் மனநல மருத்துவர், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோர். சித்தாவில் சிறப்பு மருத்துவம் மேற்படிப்புப் படித்தவர்கூட அதில் உண்டு. வெறும் முதுகலைப் பட்டத்துடன் பணியிலிருக்கும் கவுன்சலர் இல்லை. தவிர, சட்டம் பேசுவது மனநோய் உள்ளவரின் உரிமையைப் பற்றி. காதல் முறிவாலோ அரியராலோ கலங்கி நிற்பவர் மனநோயாளி அல்லர். எனவே கல்லூரி அறையில் நடக்கும் பேச்சில் பெரும்பகுதிக்குக் காவல், சட்டத்தைவிட அந்த ஆலோசகரின் தொழில் நேர்மையும் கல்லூரியின் உள்விதியும்தான். எழுத்து வடிவில் அப்படியொரு உள்விதி இல்லாத கல்லூரியில், 'எல்லாம் இரகசியமாக இருக்கும்' என்ற வாக்குறுதி அந்த ஆளின் வாய்ச்சொல் மட்டுமே.

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கிறது?

உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ஆலோசகர் வாய்மூடி இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. சிக்கல், அதற்குப் பிறகு நிர்வாகம் செய்வதில் இருக்கிறது. பெற்றோரை அன்றே வரவழைத்து, 'எது நடந்தாலும் கல்லூரி பொறுப்பல்ல' என்று கடிதம் எழுதி வாங்கி, மாணவரைப் பெட்டியோடு ஊருக்கு அனுப்பிவிடுவது ஒரு வழக்கமான நடைமுறை. கல்லூரியின் பார்வையில் ஆபத்து வளாகத்தை விட்டு வெளியேறிவிட்டது. மாணவரின் பார்வையில், மனம் திறந்ததற்குக் கிடைத்த பலன் படிப்பும் நண்பர்களும் ஒரே நாளில் பறிபோனது. வீட்டுச் சூழலே பிரச்சினையாக இருந்தால், அவர் அனுப்பப்படுவது அதற்குள்தான். இப்படி ஒருவர் ஊருக்கு அனுப்பப்பட்ட செய்தி விடுதியில் பரவினால், அந்தத் தளத்தில் இருக்கும் அடுத்த நாற்பது பேரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே அச்சம் நீதிமன்றம் வரை போனது. மனநலச் சிக்கலை வெளிப்படுத்தும் மாணவர்களை விலகும்படி அழுத்துவதாக யேல் பல்கலைக்கழகத்தின்மீது 2022 நவம்பரில் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஆகஸ்ட்டில் உடன்பாடு ஏற்பட்டது. விலகாமலே, குறைந்த பாடச்சுமையுடன் படிப்பைத் தொடரும் வாய்ப்பு அதன் முக்கிய அம்சங்களில் ஒன்று. நம் கல்லூரிகளில் 'ஒரு செமஸ்டருக்கு மூன்று பாடம் மட்டும் எடுத்துக்கொள்' என்று சொல்லும் இடம் பெரும்பாலும் இல்லை; முழுச்சுமை அல்லது முழுவிலகல்.

தற்கொலைக்கு முயன்றவர்மீது வழக்குப் பாயும் என்ற பழைய அச்சமும் இன்னும் சிலரிடம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு அப்படியே இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ செய்யும் முயற்சி மட்டுமே அதில் குற்றமாக எஞ்சியிருக்கிறது.

ஒருவர் போதுமா?

உச்ச நீதிமன்றம் வைத்த 'குறைந்தது ஒருவர்' என்பது அடித்தளம். மாணவர்-ஆலோசகர் விகிதம் உகந்ததாக இருக்க வேண்டும் என்று உத்தரவு சொல்கிறது, எண் சொல்லவில்லை. பல்கலைக்கழக ஆலோசனை மையங்களுக்கு அங்கீகாரம் தரும் சர்வதேசச் சங்கம் 1,000 முதல் 1,500 மாணவர்களுக்கு ஒரு முழுநேர ஆலோசகர் என்று பரிந்துரைக்கிறது.

4,000 பேர் படிக்கும் கல்லூரியில் ஓர் ஆலோசகர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் அமர்வு முக்கால் மணி நேரம். குறிப்பெழுதும் நேரம் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர், வாரத்துக்கு நாற்பது பேர். அதாவது நூற்றில் ஒருவர் வாரம் ஒருமுறை வந்தாலே அவருடைய நாட்காட்டி நிரம்பிவிடும். இரண்டு சதவீதம் பேர் வந்தால் பாதிப்பேர் காத்திருக்க வேண்டும். இதில் ஒரு முரண் இருக்கிறது: மாணவர்கள் தயங்குவதால்தான் இந்த அமைப்பு இன்று சமாளிக்கிறது. விழிப்புணர்வுப் பிரசாரம் உண்மையிலேயே பலித்தால் முதலில் முறிவது அந்த ஒற்றை ஆலோசகர்தான். துணிந்து வந்தவரிடம் 'மூன்று வாரம் கழித்து வா' என்பது, வராமல் இருந்தவருக்கு நேர்வதைவிடக் கூடுதல் சேதம் செய்யலாம்.

உத்தரவு எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது?

உத்தரவின் சில கூறுகள் நேரடியாகப் பயன் தரக்கூடியவை. மதிப்பெண்ணை வைத்து மாணவர்களை வகுப்புவாரியாகப் பிரிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. அனைத்துப் பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையேனும் பயிற்சி தர வேண்டும் என்பது இன்னொன்று. கேன்டீன் ஊழியரும் விடுதிக் காவலரும்தான் மாணவர் சாப்பிடாததையும் அறையை விட்டு வராததையும் முதலில் கவனிப்பவர்கள் என்பதால், இரண்டாவதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் வைக்கச் சொன்னதும் நல்லதே.

ஆனால் ஆலோசகர் யாருக்குக் கட்டுப்பட்டவர், குறிப்பேடு யார் பூட்டில் இருக்கும், எப்போது பெற்றோரை அழைக்கலாம் என்ற மூன்றும் தெளிவாகாமல் நியமனம் மட்டும் நடந்தால், ஆய்வுக்குழு வரும் நாளில் காட்ட ஓர் அறையும் ஒரு கோப்பும் கூடும், அவ்வளவே. வேண்டிய மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பணம்கூடத் தேவையில்லை:

1. ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து ஆலோசனையை முற்றிலும் பிரிப்பது. தண்டனையாக யாரையும் அங்கே அனுப்பக் கூடாது.

2. நிர்வாகத்துக்கு எண்ணிக்கை மட்டும் போவது: இம்மாதம் இத்தனை பேர், பொதுவாக இன்னின்ன சிக்கல்கள். பெயர் போகக் கூடாது.

3. முன்பதிவைக் கைபேசி வழியாகவும், நேரத்தைப் பேருந்து கிளம்பிய பிறகும் விடுதி நேரத்திலும் வைப்பது. வீடு சென்ற மாணவருக்குத் தொலைபேசி அமர்வு. வகுப்பு நேரத்தில் வந்தால், காரணம் கேட்காமல் சுகாதார மையத்தின் பெயரில் வருகை வழங்குவது.

4. பெற்றோரை அழைக்க வேண்டிய நிலைமைகளை எழுத்தில் வரையறுத்து முதல் சந்திப்பிலேயே மாணவரிடம் தருவது. அழைப்பதற்கு முன் அவரிடம் சொல்வது. வீட்டில் யாரை அழைக்கலாம் என்று அவரையே கேட்பது. அம்மாவை வேண்டாம், சித்தப்பாவைக் கூப்பிடுங்கள் என்று அவர் சொல்லக்கூடும்.

5. நண்பர்களுக்குப் பயிற்சி. பெரும்பாலோர் முதலில் பேசுவது அறைத்தோழரிடம்தான். கேட்கவும், எப்போது பெரியவர்களிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்று அறியவும் அவருக்குச் சொல்லித்தர வேண்டும். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்ற பெயரில் தொடங்கிய மனநல நல்லாதரவு மன்றங்கள் மாணவர்களையே பங்காளிகளாக்கும் முயற்சி.

ஆலோசகரின் சம்பளத்தைக் கல்லூரியே தரும்வரை முழுச் சுதந்திரம் கிடைக்காது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. பல கல்லூரிகளுக்குப் பொதுவாகப் பல்கலைக்கழகமோ அரசோ ஆலோசகர் குழுவை வைத்து நடத்தலாம். சிறிய கல்லூரிகளுக்கு வெளி வல்லுநர்களுடன் முறையான இணைப்பு இருக்க வேண்டும் என்று உத்தரவு சொல்வதால், அதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. தன் முகமறியாத, தன் கல்லூரியில் சம்பளம் வாங்காத ஒருவரிடம் பேசுவது பலருக்கு எளிதாக இருக்கும்.

இப்போதே உதவி தேவைப்படும் மாணவருக்கு

கல்லூரி ஆலோசகரிடம் போவதானால், முதல் பத்து நிமிடத்தில் மூன்று கேள்விகளைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நான் சொல்வதை எங்கே எழுதி வைப்பீர்கள்? யார் கேட்டால் காட்டுவீர்கள்? எந்த நிலையில் என் வீட்டுக்குச் சொல்வீர்கள்? தொழில் தெரிந்த ஆலோசகர் இக்கேள்விகளை வரவேற்பார். மழுப்பினால் வெளியே உதவி நாடலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது.

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை, தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மாநிலச் சுகாதார உதவி எண் 104. சென்னையில் 1986 முதல் இயங்கும் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. இவற்றில் எதற்கும் கல்லூரியின் அனுமதியோ துறைத் தலைவரின் கையெழுத்தோ தேவையில்லை.